சாசேஜ் கடைக்காரர் வீட்டுச் சாப்பாடு

உறைந்த கறி விற்கிற தொழிலில் முதலில் மரத்துப்போவது விரல்கள். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் நானும் என் வீட்டுக்காரர் அருளும் கடை வைத்திருக்கிறோம். மூன்று ஃப்ரீசர், ஒரு மேசை, இரண்டு ஸ்டூல். சிக்கன் சாசேஜ், சலாமி, நகெட்ஸ், பர்கருக்குள் வைக்கிற வட்டத் துண்டு என்று எல்லாம் பாக்கெட்டில் வரும், பாக்கெட்டிலேயே போகும். சில்லறையாகவும் கொடுப்போம், பேக்கரிகளுக்கும் கேன்டீன்களுக்கும் லோடும் போடுவோம்.

இதைப் படிக்கிறவர்களில் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பேக்கரிக்காரர் வீட்டில் நேற்றைய பன், காய்கறிக் கடைக்காரர் வீட்டில் அழுகிய பாதியை வெட்டிப் போட்ட தக்காளி, ஹோட்டல்காரர் வீட்டில் காலை இட்லி ராத்திரி உப்புமா. ஊருக்கு நல்லது, வீட்டுக்கு மிச்சம். நாம் எல்லாரும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் இலையில் என்ன விழுந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டிபன் ஐட்டம்

நாங்கள் கிறிஸ்தவர்கள். தவக்காலம் வந்தால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கறி எடுக்க மாட்டார்கள். மட்டன் கடைப் பாய் அந்த நாட்களில் ஈ ஓட்டுவார். கடை போட்ட புதிதில் எனக்கும் அதே பயம்தான். விற்காவிட்டால் என்ன செய்வது என்று அருளிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் லில்லி டீச்சர் வந்தார். மிஷன் ஸ்கூலில் வேலை, கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசை. கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகிற வழியில் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே இரண்டு பாக்கெட் சாசேஜ் கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "டீச்சர், இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே?" என்றேன். டீச்சருக்கு உண்மையிலேயே நான் கேட்டது புரியவில்லை. என் முகத்தையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்டுல கறியே எடுக்கிறதில்ல ஸ்டெல்லா. இது பிள்ளைக்கு டிபன் ஐட்டம்லம்மா!"

நாணயஸ்தர்

பாக்கெட்டில் தேதி போட்டிருக்கும். தேதி நெருங்கிய சரக்கைக் கம்பெனி திருப்பி எடுக்காது. எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு அதுதான் தலைவலி. சிலர் விலையைக் குறைத்துத் தள்ளுவார்கள். சிலர் தேதி பார்க்காத ஆளாகப் பார்த்துத் தள்ளுவார்கள். அருள் இரண்டும் செய்ய மாட்டார். தினமும் கடை அடைக்கும் முன்னால் மூன்று ஃப்ரீசரையும் கிளறி, தேதி நெருங்கியதை எல்லாம் ஒரு பையில் தனியாக எடுத்து வைப்பார். அந்தப் பை வீட்டுக்கு வரும்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்கு அந்த வாடையே ஆகாது, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அவருக்கு அது ஒரு கடமை. காலையில் தோசைக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயத்தோடு வதக்கிய சாசேஜ். மத்தியானம் தயிர்ச் சாதத்துக்கு சலாமி. சாயங்காலம் கடையிலேயே சின்ன அடுப்பில் நாலு நகெட்ஸ் பொரித்து, வாங்க வந்தவர்கள் பார்க்கத் தின்பார். அது நடிப்பில்லை. "அண்ணே, நீங்க சாப்பிடுவீங்களா?" என்று யாராவது கேட்டால் வாயில் இருப்பதைக் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பாதி வியாபாரம் நடந்தது.

தேதி நெருங்கியதைக் குப்பையில் போட்டால் என்ன குறைந்துபோகும் என்று ஒருநாள் சண்டை பிடித்தேன். நிதானமாகத்தான் பதில் சொன்னார்: "விக்கிறவன் வாயில வைக்க முடியாத சரக்க, அடுத்தவன் பிள்ளைக்கு எப்படிக் குடுக்கிறது ஸ்டெல்லா?"

பின்பக்கம் படித்தவர்

ஜிம்முக்குப் போகிற தம்பி ஒருவர் வருவார். கடைக்கு வருகிறவர்களில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிற ஒரே ஆள். அன்றைக்குக் கடையில் கூட்டம். தம்பி ஒரு சலாமி பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் வகுப்பு எடுத்தார். இதில் உப்பு அதிகம், கெடாமல் இருக்கவும் சிவப்பாகத் தெரியவும் நைட்ரைட் என்று ஒன்று போடுகிறார்கள், குடலுக்கு ஆகாது, பெரிய பெரிய டாக்டர்களே எச்சரிக்கிறார்கள் என்று அடுக்கினார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் எடுத்த பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வியாபாரம் கெட்டதே என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சல். இன்னொரு பக்கம், இந்தப் பிள்ளை அருளை உட்கார வைத்து இதைச் சொன்னால் தேவலையே என்று ஆசை. அருளைக் கூப்பிட்டு விடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தத் தம்பியே ஃப்ரீசருக்குள் தோள்வரை கையை விட்டு, அடியில் கிடந்த பெரிய பாக்கெட்டை இழுத்து மேசையில் வைத்தார். "அக்கா, அதெல்லாம் கிடக்கட்டும், இதுல புரோட்டீன் எம்புட்டு இருக்கும்?"

சூடு

அருளுக்கு வெளிக்குப் போகையில் ரத்தம் வர ஆரம்பித்தது. எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது, மறைத்துவிட்டார். நான் கண்டுபிடித்துக் கேட்டபோது, "உடம்புச் சூடு" என்றார். நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு மூலம் வரும் என்று நாலுபேர் சொன்னார்கள், நாங்களும் அதையே நம்பினோம். மோர், சின்ன வெங்காயம், விளக்கெண்ணெய், நாட்டு மருந்துக் கடைச் சூரணம் என்று மாதங்கள் ஓடின. பேன்ட் இடுப்பில் நிற்காமல், பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பெருங்குடலில் புற்றுநோய். டாக்டர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். அருள் கையைக் கட்டிக்கொண்டு, "இட்லி, தோசை, சோறுதான் சார். கறி ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். அவர் கணக்கில் அதுதான் உண்மை. எனக்குத் தாங்கவில்லை. "சார், இவர் மூணு நேரமும் சாசேஜும் சலாமியும்தான் சார் சாப்பிடுறாரு. நாங்க அதைத்தான் விக்கிறோம்" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

டாக்டர், பதப்படுத்திய கறியைத் தினமும் தின்றால் இந்த நோய் வருகிற வாய்ப்பு கூடும் என்று பொறுமையாக விளக்கினார். இனிமேல் பயறு, கீரை, காய், மீன், முட்டை என்று வீட்டில் சமைத்ததைச் சாப்பிடச் சொன்னார். அந்தச் சாசேஜ்தான் காரணமா என்று அருள் கேட்டார். எனக்கு ஆமாம் என்ற பதில் வேண்டியிருந்தது, திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்குமே என்று. டாக்டர் அதையும் கொடுக்கவில்லை, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா, அது இனிமே உங்க வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு மட்டும் சொல்ல முடியும்."

கேன்டீன் போன்

ஆபரேஷன் நாள். தியேட்டருக்கு வெளியே இரும்பு நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு நோயாளியின் மகன் பப்ஸ் தின்றுகொண்டிருந்தான். உள்ளே இருந்தது சாசேஜ். வாடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் சரக்கு. அந்த ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்கு லோடு போடுகிறதே நாங்கள்தான். மூன்றாம் மாடியில் என் வீட்டுக்காரருடைய குடலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே அதே சரக்கை மைதாவில் சுருட்டி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பார்த்து போன். கேன்டீன் மாஸ்டர். நல்ல மனுசர்தான், நாலைந்து வருசப் பழக்கம். ஏன் சரக்கு வரவில்லை என்று கேட்டார். நான் மேலேதான் இருக்கிறேன், இன்ன விசயம் என்று சொன்னேன். "அய்யய்யோ!" என்று கத்தினார். பாவம், அதிர்ந்துபோய்விட்டார் போல என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, நான் மீனாச்சிட்ட வேண்டிக்கிறேன். அப்ப நாளைக்காச்சும் லோடு வந்துரும்ல?"

நாத்தனார் தீர்ப்பு

வீட்டுக்கு வந்த பிறகு ஆள் மாற்றி ஆள் பார்க்க வந்தார்கள். அருள் வயிற்றின் பக்கவாட்டில் ஒரு பை மாட்டியிருந்தது, கழிவு அதில்தான் இறங்கும். வந்தவர்கள் அந்தப் பையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். ஆட்டுக்கால் சூப்பு கொடு என்றார் ஒருவர், ஆட்டுக்கால் பக்கமே போகாதே என்றார் அடுத்தவர். அதெல்லாம் எனக்குப் பழகிப்போனது.

சோழவந்தானில் இருந்து அருளின் தங்கை வந்தாள். அண்ணன் காலடியில் உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன். அப்புறம் அடுப்படிக்கு வந்தாள். நான் பாசிப்பருப்புப் போட்டுக் கீரை கடைந்துகொண்டிருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து கடையில் அவருக்குச் சமமாக நின்றவள் நான். லோடு இறக்கியதும் நான், ஐஸைச் சுரண்டியதும் நான். தேதி நெருங்கிய அந்தச் சாசேஜ் பையை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று தொண்டை கிழியக் கத்தியதும் நான். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும், மத்துச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க மதினி, இந்தக் கீரைய அப்பவே கடைஞ்சு போட்டிருந்தா எங்கண்ணனுக்கு இது வந்திருக்குமா?"

வாடுகிற சரக்கு

கடையை மறுபடி திறந்ததும் இரண்டு ஃப்ரீசரை நிறுத்திவிட்டு அவற்றின் மேலேயே கூடைகளை வைத்தேன். விடிவதற்குள் பரவை மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்கீரை, அவரை, பீர்க்கை வாங்கி வந்தேன். ஊறவைத்த கொண்டைக்கடலை, முளைகட்டிய பாசிப்பயறு, அவித்த நிலக்கடலை, நாட்டுக்கோழி முட்டை எல்லாம் வைத்தேன். சொன்னால் உடனே உரித்து வெட்டித் தருகிற கோழிக்கும் ஏற்பாடு செய்தேன். மத்தியானத்துக்குள் கீரை தலையைத் தொங்கப்போட்டுவிடும். சாசேஜ் மாதக்கணக்கில் மினுமினுப்பாகக் கிடக்கும். கடைக்காரியாக நின்று பார்த்தால் எது நல்ல சரக்கு என்று குழப்பம் வந்துவிடும்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற செல்வி தினமும் வேலை முடிந்து போகிற வழியில் வருவாள். நகெட்ஸ் கேட்டாள். இனிமேல் அது வேண்டாம், இதைக் கொண்டு போ என்று ஒரு கீரைக்கட்டைக் கையில் திணித்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னிடமே நீட்டினாள். பகல் முழுக்க உட்காராமல் சேலை விரித்துக் காட்டிய காலோடு நின்றாள். அவளைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. அலுப்போடு கேட்டாள்: "ஆய்ஞ்சு, அலசி, ஆக்கி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக தூங்கிருங்கக்கா. நீங்க வந்து ஆக்கிப் போடுறீங்களா?"

கம்பெனித் தம்பி

சாசேஜ் கம்பெனியின் ஏஜென்சியை விடுகிறோம் என்று சொன்னதும், எங்களிடம் ஆர்டர் எடுக்க வருகிற கம்பெனித் தம்பி பைக்கில் பறந்து வந்தான். அருளைப் பார்த்துக் கண் கலங்கினான், அதில் கள்ளம் இல்லை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் மாதிரி மூன்று நேரமும் யார் தின்கிறார்கள், எதையுமே அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று ஆறுதல் சொன்னான். ஸ்கூல் வாசலில் இலவசமாக நகெட்ஸ் கொடுத்துப் பிள்ளைகளைப் பழக்கியது யாரப்பா, அப்போது இந்த அளவு எங்கே போயிருந்தது என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது: "சாப்பிடுறது அளவாச் சாப்பிடலாம்க்கா, அம்புட்டுப் பேரும் அளவா வாங்குனா எனக்கு டார்கெட் முடியுமா?"

கடைசி ஃப்ரீசர்

மூன்றாவது ஃப்ரீசரில் சரக்கு மிச்சம் இருந்தது. தேதி முடியாத, விற்கத்தக்க சரக்கு. அள்ளிக் குப்பையில் கொட்டப்போகிறேன் என்றேன். அருள் தடுத்தார். இப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார், குரலில் காற்றுதான் வந்தது. "நான் கடையில உக்காருறேன். கேக்குறவங்ககிட்ட எனக்கு வந்ததச் சொல்றேன். தெரிஞ்சா எந்தத் தாயும் வாங்க மாட்டா. ஒரு நாள் பாப்போம், யாரும் வாங்கலைன்னா நீயே கொட்டிரு" என்றார். அவருக்கு ஜனங்கள் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. ஊர் நல்லதுதான், சொல்ல ஆள் இல்லாமல்தான் கெட்டுப்போகிறது என்பது அவர் கட்சி. இத்தனை பட்டபிறகும் அவரிடம் மிச்சம் இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதை நான் கொட்டச் சொல்ல முடியுமா? சரி என்றேன்.

தொளதொளத்த சட்டையோடு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். முதலில் வந்தவள், ஸ்கூல் யூனிபார்மில் ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தாய். இந்தப் பக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்தவள் போல. பெரிய பாக்கெட் சாசேஜ் கேட்டாள். எடுக்கும் முன்னால் எல்லாரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்: "நல்லா இருக்குமாண்ணே? நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

அருள் எழுந்தார். கூச்ச சுபாவம், வீட்டில் என் முன்னால்கூடச் சட்டையில்லாமல் நிற்காதவர். "சாப்பிட்டேம்மா. தினமும் சாப்பிட்டேன்" என்று சொல்லி, சட்டையை மெதுவாகத் தூக்கி அந்தப் பையைக் காட்டினார். குடலில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் நடந்தது, இதனாலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், பிள்ளைக்கு வேண்டாம்மா, முட்டை அவித்துக் கொடு, சுண்டல் கொடு என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அருள் திரும்பி என்னைப் பார்த்தார், பார்த்தாயா என்கிற மாதிரி. பிள்ளை, "அம்மா, சாசேஜ்" என்று சிணுங்கிக்கொண்டே முந்தானையைப் பிடித்து ஆட்டியது. அவள் மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துவிட்டு ஃப்ரீசரைக் காட்டினாள்: "பாவம்ணே நீங்க, கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு... சரி, பிள்ளை அழுகுது, சின்ன பாக்கெட்டாக் குடுங்க."

ஒரு மனுசன் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைக் காட்டினால் பெரிய பாக்கெட் சின்ன பாக்கெட்டாகும் என்பதுதான், இத்தனை வருச வியாபாரத்தில் இந்த ஊரைப் பற்றி நாங்கள் கற்றுக்கொண்டது.